மைனஸ் பணவீக்கத்தில் மயங்குகிறவர்களுக்கு

அயல்நாடுகளின் பணவீக்கத்தை வரிசைப்படுத்தி, இலங்கைக்கு முதலிடம் கொடுத்துப் பூரித்துப்போகும் பட்டியல்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. 2024 செப்டம்பரை எடுத்துக்கொள்வோம். பங்களாதேஷ் 9.92 சதவீதம், பாகிஸ்தான் 6.9, இந்தியா 5.49, இலங்கை மைனஸ் 0.5. இதைப் பார்த்தால் நாம்தான் கெட்டிக்காரர்கள், டாக்காவில் இருப்பவர்கள் பாவம்.

எண்கள் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொன்றும் முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு மட்டும் ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. போன வருடமே விலை உச்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டதென்றால், இந்த வருடம் அது இறங்காமல் அங்கேயே இருந்தாலும் பணவீக்கம் பூச்சியம்தான். ஆகவே 2022, 2023, 2024 செப்டம்பர் வீதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கணக்குப் பார்த்தேன். 2021 செப்டம்பரில் 100 கொடுத்து வாங்கிய அதே பொருட்களுக்கு, 2024 செப்டம்பரில் அவரவர் நாணயத்தில் இந்தியாவில் சுமார் 119, பங்களாதேஷில் 131, இலங்கையில் 171, பாகிஸ்தானில் 173 கொடுக்க வேண்டியிருந்தது. நாம் ஏளனமாகப் பார்க்கும் பாகிஸ்தானுக்கும் நமக்கும் இரண்டே ரூபாய்தான் வித்தியாசம்!

நம்முடைய அந்த ஏற்றம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே ஆண்டில் நடந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. சமையலறையில் போய்ப் பாருங்கள். 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய். 2022 ஏப்ரல் கடைசியில் 4,860. 2024 இறுதியில் 3,690. உச்ச விலையை வைத்துப் பேசுகிறவர் "1,170 ரூபாய் குறைந்துவிட்டது" என்பார். அடுப்படியில் நிற்பவர் இன்னும் 1,493இல்தான் கணக்கைத் தொடங்குகிறார்.

மத்திய வங்கியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2022 ஏப்ரலில் ஒரே நாளில் கொள்கை வட்டியை (வங்கிகளோடு கொடுக்கல் வாங்கலுக்கு அது வைக்கும் வட்டியை) 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது துணிச்சலான முடிவு. அது இல்லாமல் விலையேற்றம் இவ்வளவு சீக்கிரம் அடங்கியிருக்காது. ஏற்றம் நின்றது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். விலைவாசி பழையபடி ஆகிவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொரு சங்கதி: ஒவ்வொரு நாடும் வெவ்வேறு பொருட்கூடையை (குடும்பங்கள் வாங்கும் பொருட்களின் பட்டியலை) வைத்து அளக்கிறது. இந்தியாவின் 2012 அடிப்படையிலான சுட்டெண்ணில் உணவின் பங்கு ஏறக்குறைய 46 சதவீதமாக இருந்தது. காய்கறி விலை விழுந்தால் மொத்த எண்ணும் சேர்ந்து விழும். 2025 ஒக்டோபரில் அங்கே 0.25 வரை இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். முந்தைய ஒக்டோபர் 6.21ஆக உயர்ந்திருந்தது இன்னொன்று. கொழும்புச் சுட்டெண்ணிலோ உணவு கால்வாசிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மின்கட்டணமும் எரிபொருளும் இறங்கினால் அந்த எண் அழகாகிவிடும். நாடு தழுவிய சுட்டெண் தனியாக இருக்கிறது, ஆனால் தலைப்புச் செய்தியில் வருவது பெரும்பாலும் கொழும்புக் கணக்குதான்.

கோதுமை மா, அரிசி, பருப்பு என்று சம்பளத்தின் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே கொடுக்கும் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டுக்) குடும்பத்துக்குக் கொழும்புக் கணக்கு எப்படிப் பொருந்தும்? 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். 2024 செப்டம்பரில் 1,350. கூலி ஏறியது 35 சதவீதம். விலை ஏறியது, கொழும்புக் கணக்குப்படியே, 71 சதவீதம். அந்த 1,350கூட முழுப்பேர் (முழுநாள் வேலைக்கான பதிவு) விழுந்தால்தான். மழையிலோ வறட்சியிலோ கொழுந்து குறைந்து அரைப்பேர் (அரைநாள் பதிவு) போட்டுவிட்டால் அதிலும் பாதி. பணவீக்கம் மைனஸுக்குப் போனதைக் கொண்டாடும் பதிவுகளில் இந்தக் கூலிக் கணக்கைப் போட்டவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

பங்களாதேஷின் ஆடைத் தொழிலாளர்களுக்கும் இதே கதைதான். 2018இல் 8,000 டக்கா (பங்களாதேஷ் நாணயம்) என்று வைத்த குறைந்தபட்ச மாதச் சம்பளம், 2023 டிசம்பரில் 12,500 ஆகும்வரை ஐந்து ஆண்டுகள் அப்படியே கிடந்தது. அதில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அந்த நாட்டின் பணவீக்கம் 6 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. எந்தப் பட்டியலிலும் அந்தச் சம்பளத் தேக்கம் யார் கண்ணையும் உறுத்தவில்லை.