பிளிமத் போனால் அந்தப் பாறையோடு திரும்பிவிடாதீர்கள்

பாஸ்டனிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பிளிமத் போகிறவர்கள் பலர், கடற்கரையில் ஆங்கிலேயக் குடியேறிகள் கால் வைத்ததாகச் சொல்லப்படும், ‘1620’ என்று செதுக்கிய பாறையைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது மேட்டில், ஆலர்டன் தெருவில் இருக்கிறது. 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் இங்கே வந்து குடியேறியவர்களுக்காக எழுப்பிய 81 அடிக் கருங்கல் நினைவுச்சின்னம். பாறையிலிருந்து நடந்தே போய்விடலாம். கட்டணம் கிடையாது.

காலையில் போங்கள். உச்சியில் நிற்கும் ‘விசுவாசம்’ என்ற 36 அடிப் பெண்ணுருவம் வடகிழக்கே துறைமுகத்தைப் பார்த்திருக்கிறது. மதியத்துக்கு மேல் வெயில் அவள் முதுகுக்குப் போய்விடும், படத்தில் முகம் கறுத்துவிடும். அடியில் நின்று அண்ணாந்தால் மோவாய்தான் தெரியும். புல்வெளியில் நன்றாகப் பின்னால் போய்ப் பாருங்கள். வலக்கை வானத்தைக் காட்டுகிறது, இடக்கையில் பைபிள்.

வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஹாமட் பில்லிங்ஸ் போட்ட திட்டம் 150 அடி. 1859இல் அடிக்கல் நாட்டினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தது, பணம் சுருங்கியது, உயரமும் சுருங்கியது. பில்லிங்ஸ் 1874இல் இறந்துபோனார். திறப்பு விழா நடந்தது 1889இல். கல் மெய்ன் மாநிலத்து ஹாலோவெல்லில் வெட்டியது.

கீழே நாலு மூலையிலும் ஒழுக்கம், சட்டம், கல்வி, சுதந்திரம் என நாலு உருவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் கீழுள்ள புடைப்புச் சிற்பங்களை அவசரமில்லாமல் பாருங்கள். அவை மட்டும் பளிங்கு. மழைநீரின் அமிலம் பளிங்கிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கும், கருங்கல்லிடம் அது அவ்வளவாகச் செல்லாது. மேலே கருங்கல் ஆடையின் மடிப்பையும் கீழே பளிங்கு முகங்களின் விளிம்பையும் ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். வெயில் பக்கவாட்டில் விழும்போது புடைப்பு நன்றாக எடுத்துத் தெரியும். தயவுசெய்து கை வைக்காதீர்கள், விரலின் எண்ணெய்ப் பசையைப் பளிங்கு உறிஞ்சிக்கொள்ளும்.

நாலில் முக்கியமானது ‘சட்டம்’ உருவத்தின் கீழுள்ளது என்பேன். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களின் தலைவர் மாசசோய்ட்டுடன் குடியேறியவர்கள் 1621இல் செய்த உடன்படிக்கை அது. வந்த 102 பயணிகளில் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்திருந்தார்கள். மிச்சப்பேர் பிழைத்ததற்கு அந்த உடன்படிக்கை பெரிய காரணம். ஐம்பது வருஷத்துக்கு மேல் அது நின்றது. 1675இல் குடியேறியவர்களுக்கும் வாம்பனோக் மக்களுக்கும் போர் மூண்டது. மறு வருஷம் மாசசோய்ட்டின் மகன் மெட்டகாமைக் கொன்று, அவர் தலையை இதே பிளிமத்தில் கழியில் குத்திப் பல வருஷம் வைத்திருந்தார்கள். சட்டத்தின் காலடியில் உடன்படிக்கையைச் செதுக்கியவர்கள் இதைச் செதுக்கவில்லை. அந்த மௌனத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கல்லைப் படிக்க வேண்டும்.

அதனால் இறங்கி வந்ததும் காருக்குப் போகாதீர்கள். பாறைக்கு எதிரே படியேறினால் கோல்ஸ் ஹில். அந்த முதல் குளிர்காலத்தில் செத்தவர்களைப் புதைத்த மேடு. அங்கே சிற்பி டாலின் வடித்த மாசசோய்ட்டின் வெண்கலச் சிலை 1921 முதல் கடலைப் பார்த்து நிற்கிறது. பக்கத்தில் ஒரு பலகை: 1970 முதல் ஒவ்வொரு நன்றியறிதல் நாளிலும் (குடியேறியவர்களின் நினைவோடு அமெரிக்கர்கள் கொண்டாடும் ‘தேங்க்ஸ்கிவிங்’) பூர்வகுடிகள் இங்கே கூடித் துக்க நாள் அனுசரிப்பதைச் சொல்கிறது. அதை ஒரு வரி விடாமல் படியுங்கள், கூட வரும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.