புள்ளியைக் கழித்தது தப்பில்லை, கழித்த வருஷம்தான் தப்பு

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஆடும் எவர்ட்டன் ஃபுட்பால் கிளப்புக்கு, வரம்பை மீறி நஷ்டம் காட்டியதற்காகப் புள்ளி கழித்த பேச்சை எடுத்தாலே தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வரை நம்ம பசங்க இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "சின்ன டீம்னா குத்துவாங்க, மான்செஸ்டர் சிட்டின்னா கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க" என்பது ஒரு கட்சி. "ரூல்னா ரூல்தான் மாப்ள, மீறினா அனுபவி" என்பது இன்னொரு கட்சி. சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணி ஆட்டம் முடிந்து டீக்கடை ஷட்டர் இறங்குகிற வரை இதே சண்டைதான்.

நான் எவர்ட்டன் கட்சி. ஆனாலும் சொல்கிறேன், புள்ளியைக் கழித்தது சரி. கழித்த வருஷம்தான் தப்பு. அந்தத் தப்புக்கு விலை கொடுத்தது நாம் இல்லை, வேறொரு ஊர் டீம். அதைப் பற்றி நம்மில் யாரும் வாயே திறப்பதில்லை.

முதலில் கணக்கு. நம்ம விவாதத்தில் பாதி இங்கேதான் தடம் மாறுகிறது. "இவன் இத்தனை கோடிக்கு ஆள் வாங்கினான், இத்தனைக்கு வித்தான், கழிச்சா இவ்வளவு" என்று பேப்பரில் வந்த தொகையைக் கூட்டிக் கழிக்கிறோம். லீக் பார்ப்பது அதை இல்லை. 2025-26 பருவம் வரைக்கான பி.எஸ்.ஆர். என்ற நஷ்ட வரம்பு விதிப்படி மூன்று பருவங்களுக்குச் சேர்த்து 10.5 கோடி பவுண்ட் வரை நஷ்டம் காட்டலாம். அதிலும் கிளப் தன் தலையில் சுமக்கக்கூடியது 1.5 கோடிதான். மீதி 9 கோடிக்கு முதலாளி பங்குப் பணமாகப் போட்டிருக்க வேண்டும், கடனாகக் கொடுத்தது செல்லாது. அகாடமி (கிளப்பின் சிறுவர் பயிற்சிப் பள்ளி), பெண்கள் அணி, ஊர்நலப் பணி, ஸ்டேடியம் கட்டுமானத் தேய்மானம் இவற்றுக்கான செலவு நஷ்டத்தில் சேராது. மூன்றில் ஏதாவது ஒரு பருவம் இரண்டாம் பிரிவில் ஆடியிருந்தால், அந்த வருஷத்துக்கான பங்கு 3.5 கோடியிலிருந்து 1.3 கோடியாகச் சுருங்கிவிடும்.

ஆள் வாங்கிய விலையும் மொத்தமாக ஒரே வருஷத்தில் ஏறாது. 5 கோடிக்கு ஒருத்தரை ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் எடுத்தால் வருஷத்துக்கு 1 கோடிதான் செலவு. மூன்று வருஷம் கழிந்தபின் அவருக்குக் கணக்குப் புத்தகத்தில் நிற்கும் மதிப்பு 2 கோடி. அப்போது அவரை 3 கோடிக்கு விற்றால், 5 கோடி கொடுத்து வாங்கிய ஆளாக இருந்தாலும், கணக்குப்படி 1 கோடி லாபம். செல்சீ கிளப் எட்டு வருஷம், எட்டரை வருஷம் என்று ஒப்பந்தத்தை இழுத்தது இதற்குத்தான். 2023 டிசம்பரில் பிரீமியர் லீக் கிளப்புகள் ஓட்டுப் போட்டு, ஒப்பந்தம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் விலையை ஐந்து வருஷத்துக்கு மேல் பரப்பக்கூடாது என்று நிறுத்தினார்கள்.

அகாடமியில் வளர்ந்த பையனுக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம். 2 கோடிக்கு விற்றால் 2 கோடியும் அப்படியே லாபம். இந்த ஒரு வரிதான் இன்றைக்கு இங்கிலாந்தில் பல ஊர்ப் பையன்களின் தலையெழுத்தை எழுதுகிறது. இரண்டு கிளப்புகள் ஆளுக்கொரு அகாடமிப் பையனை 2 கோடி விலை போட்டு மாற்றிக்கொண்டால், இரண்டு பேருக்கும் இந்த வருஷமே 2 கோடி லாபம். வாங்கியதற்கான செலவோ வருஷத்துக்கு 40 லட்சம் மட்டும். கணக்கு ஜூன் 30-ல் முடிகிறது என்பதால் 2024 ஜூன் கடைசியில் எத்தனை பையன்கள் இடம் மாறினார்கள் என்று பாருங்கள். ஆஸ்டன் வில்லாவிலிருந்து டிம் இரோக்புனம் எவர்ட்டனுக்கு, எவர்ட்டனிலிருந்து லூயிஸ் டாபின் வில்லாவுக்கு. செல்சீயிலிருந்து இயன் மாட்சன் வில்லாவுக்கு, வில்லாவிலிருந்து ஒமாரி கெல்லிமன் செல்சீக்கு. விதி எதையும் மீறவில்லை. ஆனால் எட்டு வயசிலிருந்து ஒரே ஜெர்ஸியில் வளர்ந்த பையனைத்தான் முதலில் விற்க வேண்டும் என்று ஒரு விதி தூண்டுகிறது என்றால், அந்த விதியில் ஏதோ கோளாறு இருக்கிறது. எனக்கு வயிறு எரிவது இங்கேதான்.

இதே வரம்பைத் தாண்டிய நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்பின் வழக்கு நம்ம ஊர்க்காரருக்குச் சுலபமாகப் புரியும். மூன்றில் இரண்டு வருஷம் இரண்டாம் பிரிவில் இருந்ததால் அவர்கள் வரம்பு 1.3, 1.3, 3.5 சேர்த்து 6.1 கோடி. காட்டிய நஷ்டம் 9.55 கோடி. தாண்டியது 3.45 கோடி. தங்கள் ஆட்டக்காரர் பிரென்னன் ஜான்சனை ஜூன் 30-க்குள் விற்றிருந்தால் வரம்புக்குப் பக்கத்தில் வந்திருப்பார்கள். அவசரப்பட்டு விற்றால் விலை அடிபடும் என்று பொறுத்திருந்து, செப்டம்பர் 1-ல் டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடிக்கு விற்றார்கள். "நல்ல விலை வாங்கியது தப்பா?" என்பது அவர்கள் வாதம். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நெல்லைக் கொஞ்ச நாள் வைத்திருந்தால் கூடுதல் விலை கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியும். கெடு தேதிக்குள் கட்டினால் வட்டி இல்லை, தாண்டினால் வட்டி விழும். விலை நல்ல விலைதான் என்பதற்காகக் கெடு தள்ளிப்போகாது. வழக்கை விசாரித்த ஆணையமும் அதைத்தான் சொன்னது. விதியை மீறியதற்கு 3 புள்ளி, தாண்டிய தொகையின் அளவுக்கு இன்னொரு 3, ஒப்புக்கொண்டு ஒத்துழைத்ததற்கு 2 குறைத்து, 2024 மார்ச்சில் 4 புள்ளி. மேல்முறையீடும் நிற்கவில்லை.

"அபராதம் போட்டா போதாதா, புள்ளியில ஏன் கை வைக்கணும்?" என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒரு உதாரணம் போதும். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஃபுட்பாலை நடத்தும் யூஃபா செல்சீக்குப் போட்ட நிபந்தனையற்ற அபராதம் 3.1 கோடி யூரோ. அதே கிளப் என்ஸோ பெர்னாண்டஸ் என்ற ஒரே ஆட்டக்காரரை வாங்கக் கொடுத்தது 10 கோடி பவுண்டுக்கு மேல். பணத்துக்குப் பஞ்சமில்லாத முதலாளிக்கு அபராதம் என்பது இன்னொரு செலவுத் தலைப்பு. எவர்ட்டன் வழக்கை விசாரித்த ஆணையமும், பணக்கார முதலாளி பின்னால் நிற்கும் கிளப்புக்குப் பண அபராதம் போதாது என்றே சொன்னது.

"அவர் காசு, அவர் செலவு பண்றார், லீக்குக்கு என்ன?" என்பதும் அடிக்கடி வரும். அவர் இருக்கிறவரை சரி. அவர் கையை விரித்துவிட்டால்? 1885-ல் தொடங்கிய பெரி கிளப்பை 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கினார்கள். 2008-ல் எஃப்.ஏ. கோப்பை வாங்கிய போர்ட்ஸ்மவுத் இரண்டே வருஷத்தில் திவால் நிர்வாகத்துக்குப் போய், 9 புள்ளி இழந்து கீழ்ப் பிரிவுக்கு இறங்கி, 2013-க்குள் நான்காம் பிரிவுக்கு வந்துவிட்டது. செலவு செய்தவர் போய்விடுவார். டிக்கெட் வாங்கி உட்கார்ந்த ஊர்க்காரர் எங்கே போவார்?

இப்போது எவர்ட்டன் கதைக்கு வருகிறேன். 2021-22 வரைக்குமான கணக்கில் நம்ம நஷ்டம் 12.45 கோடி, வரம்பைத் தாண்டியது 1.95 கோடி. புது ஸ்டேடியத்துக்கான கடன் வட்டியைக் கழிக்க வேண்டும் என்று கேட்டோம். அந்தக் கடன் ஸ்டேடியத்துக்காக வாங்கியது இல்லை, அன்றாடச் செலவுக்கு வாங்கியது என்று ஆணையம் ஏற்கவில்லை. 2023 நவம்பர் 17-ல் 10 புள்ளி கழித்தார்கள், மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரியில் அது 6 ஆனது. ஏப்ரலில் அடுத்த கணக்குக் காலத்துக்கு இன்னொரு 2. இவ்வளவுக்கும் பிறகு 40 புள்ளியோடு 15-வது இடத்தில் முடித்தோம். ஃபாரஸ்ட் 4 போக 32 புள்ளியோடு தப்பியது. இரண்டு டீமுக்கும் சேர்த்து 12 புள்ளி போயும் இரண்டில் எதுவும் இறங்கவில்லை. அவர்களுக்குக் கீழே 26 புள்ளி எடுத்த லூட்டன் இறங்கியது.

கணக்கு முடிந்த 2021-22 பருவத்தின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எவர்ட்டன் 39 புள்ளி, 16-வது இடம். லீட்ஸ் 38. பர்ன்லி 35, அவர்கள் இறங்கினார்கள். அந்த 6 புள்ளியை அந்தப் பருவத்திலேயே கழித்திருந்தால் நாம் 33. இறங்கியிருக்க வேண்டியது நாம், பர்ன்லி மேலே இருந்திருக்கும். நம்ம கிளப் செய்த செலவுக்கு அவர்கள் ஊர்க்காரர் ஒரு பருவம் இரண்டாம் பிரிவில் உட்கார்ந்தார்கள். "நமக்கு அநியாயம்" என்று 2023-லிருந்து கத்துகிற நாம், பர்ன்லியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறோமா?

சிட்டி விஷயமும் இதே தாமதம்தான், அளவு மட்டும் பெரிசு. 2023 பிப்ரவரியில் நூறுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகள், பெரும்பாலானவை 2009 முதல் 2018 வரையிலான கணக்கு பற்றியவை. சிட்டி எல்லாவற்றையும் மறுக்கிறது, அது அவர்கள் உரிமை. ஆனால் விசாரணை தொடங்கவே 19 மாசம் ஆனது. பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு பருவத்தின் பட்டியலை இன்றைக்கு யார் திருத்தி எழுத முடியும்?

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொண்டுபோய் இறக்கியதும் என்ன நடக்கிறது? மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து மீட்டரில் போட்டு ஈரப்பதம் பார்க்கிறார்கள். 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். களத்தில் பரப்பிக் காயவைத்து மறுபடி கொண்டுவர வேண்டும். மழையில் நனைந்த வருஷம் தளர்வு வந்தாலும், எத்தனை சதவீதம் வரைக்கும் என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும். ஈர நெல்லை உள்ளே ஏற்றி, அரைத்து, ரேஷன் கடைக்கு அனுப்பி, இரண்டு வருஷம் கழித்து வந்து அபராதம் போடுவதில்லை.

ஸ்பெயினின் முதல் பிரிவு லீக்கான லா லீகா செய்வது ஏறக்குறைய அதுதான். ஆள் சம்பளத்துக்கு இவ்வளவுதான் என்று ஒவ்வொரு கிளப்புக்கும் முன்னாலேயே வரம்பு. தாண்டினால் பதிவே கிடையாது. 2021 ஆகஸ்டில் மெஸ்ஸியையே பார்சிலோனா பதிவு செய்ய முடியாமல் போனது. மெஸ்ஸிக்கு இல்லாத சலுகை வேறு யாருக்கு என்று அன்றைக்கு எல்லாக் கிளப்புக்கும் உறைத்தது.

அங்கேயும் ஓட்டை உண்டு, மறைக்க மாட்டேன். 2022-ல் பார்சிலோனா தன் லீக் டிவி உரிமையில் 25 சதவீதத்தை 25 வருஷத்துக்கு விற்று வரம்பை உயர்த்திக்கொண்டது. இனி விளையப்போகிற போகத்தை எல்லாம் இன்றைக்கே அட்வான்ஸ் வாங்கி விற்கிற வேலை அது. 2025 ஜனவரியில் பார்சிலோனா ஆட்டக்காரர் டானி ஓல்மோவின் பதிவு காலாவதியானபோது, ஸ்பெயின் அரசின் விளையாட்டு மன்றம் தலையிட்டுத் தற்காலிக அனுமதி கொடுத்தது. வாசலில் மீட்டர் இருந்தாலும் மேலிருந்து போன் வந்தால் கதவு திறக்கிறது என்று மற்ற கிளப்புகள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சண்டை நடந்தது பதிவு பற்றி, பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே. பருவம் முடிந்து பட்டியல் எழுதியபின் இல்லை.

பிரீமியர் லீக் 2026-27 பருவத்திலிருந்து வேறு முறைக்குப் போகிறது. சம்பளம், ஏஜென்ட் கமிஷன், ஆள் விலையின் வருஷப் பங்கு மூன்றும் சேர்ந்து, வருமானமும் ஆள் விற்ற லாபமும் சேர்ந்த தொகையில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆள் விற்ற லாபம் இதிலும் எண்ணப்படுவதால் அகாடமிப் பையனை விற்கிற ஆசை முழுசாகப் போகாது. வருமானம் பெரிசாக இருக்கிற கிளப்புக்கு இது வசதி, நம்ம மாதிரி கிளப்புக்கு இறுக்கம். அதைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம்.

நான் கேட்பது மூன்றே விஷயம். ஒன்று, ஆள் பதிவு செய்யும் முன்னாலேயே அந்த வருஷக் கணக்கைக் காட்ட வேண்டும், தாண்டினால் பதிவு இல்லை. இரண்டு, எவ்வளவு தாண்டினால் எத்தனை புள்ளி என்று அட்டவணை போட்டு ஒட்ட வேண்டும். கீழ்ப் பிரிவுகளை நடத்தும் இ.எஃப்.எல்.லில் தொகை ஏற ஏறப் புள்ளியும் ஏறுகிற வழிகாட்டி இருக்கிறது, மேலே அது இல்லாததால்தான் 10 என்பதும் 6 என்பதும் ஒரே வழக்கில் வந்தது. மூன்று, இதையும் மீறி ஒருத்தர் தப்பிவிட்டதாகப் பின்னால் தெரிந்தால், அந்த வருஷம் இறங்கிய டீமுக்கு எழுதப்பட்ட நஷ்டஈடு, எவ்வளவு என்பதும் அதே அட்டவணையில். பர்ன்லிக்கு வேண்டியிருந்தது எவர்ட்டனின் 6 புள்ளி இல்லை. ஒரு பருவம்.