முட்டுக்கட்டை போடுகிறவர்தான் தேரை ஓட்டுகிறார்

நேற்றிலிருந்து அந்த வீடியோவைப் பத்துப் பேராவது அனுப்பிவிட்டீர்கள். திருவாரூர் மேலவீதி முனையில் தியாகராஜர் கோயிலின் ஆழித்தேர் நிற்கிறது. “ஒன்றரை மணி நேரமா கட்டையைப் போட்டுக்கிட்டே இருக்கானுவ, தேரு நகரலை” என்று ஒருவர் சிரிக்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அதில் பாதிப் பேர் திருவாரூர்க்காரர்கள். அதுதான் தாங்கவில்லை.

தேர் நகராமல் நிற்கவில்லை. திரும்பிக்கொண்டிருந்தது.

அலங்கரித்து முடித்தால் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. இதற்கு ஸ்டியரிங் கிடையாது. அச்சு திரும்பாது, சக்கரம் நேராக உருளும், அவ்வளவுதான். தெற்கு வீதியிலிருந்து மேலவீதிக்குத் திருப்ப, முதலில் நான்கு சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை, அதாவது சக்கரத்தடியில் செருகுகிற மரக்கட்டை, கொடுத்து நிறுத்த வேண்டும். வடத்தைப் புது வீதிப் பக்கம் இழுத்துப் போட வேண்டும். சக்கரம் பக்கவாட்டில் வழுக்க வேண்டிய இடத்தில் இரும்புத் தகடுகளைச் செருகி, மேலே கிரீஸை அள்ளிப் பூச வேண்டும். பிறகு வலப்பக்கச் சக்கரத்தைக் கட்டையால் பிடித்துவைத்து, இடப்பக்கத்தை ஓடவிட வேண்டும். ஒரு இழுப்புக்கு ஒரு அடி வந்தால் பெரிய விஷயம். மறுபடி நிறுத்து, மறுபடி தகட்டை மாற்று, மறுபடி கிரீஸ். தேரைத் திருப்புவது வடம் இழுக்கிற ஆயிரக்கணக்கானவர்கள் இல்லை. சக்கரத்தடியில் குனிந்து நிற்கிற அந்தச் சிலர்தான்.

கட்டை போடுவது சும்மா தூக்கிப் போடுகிற வேலையா? புளிய மரத்தில் செதுக்குவது எதற்கு? நார் பின்னிக் கிடக்கிற மரம், அழுத்தத்தில் நசுங்குமே தவிர சட்டென்று பிளக்காது. கட்டையை நேராக வைத்தால் சக்கரம் ஏறி மறுபக்கம் ‘தொம்’மென்று இறங்கும். கீழே ஒரு சாண் குலுங்கினால் உச்சிக் கலசம் எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால் சற்றுச் சாய்த்து, சக்கரத்தின் விளிம்பு உரசிப் போகிற மாதிரி கொடுக்க வேண்டும். சரியாக விழுந்த கட்டை தேய்ந்து புகையும், கருகல் வாடை வரும். சீக்கிரம் போட்டால் தேர் வீணாக நிற்கும். பிந்தினால் கை போய்விடும். எங்கள் பக்கத்தில் முப்பது வருஷமாகக் கட்டை போடுகிற ஒருவருக்கு இடது கையில் இரண்டு விரல் நகம் முளைப்பதே இல்லை. அவரைத்தான் நேற்று “தெரியாதவன்” என்று எழுதியிருக்கிறார்கள்.

“ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறதே, இன்னும் கட்டை எதற்கு?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. திருச்சி பெல் (BHEL) நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் இருக்கிறது. பிரேக் தேரை நிறுத்தும், திருப்பாது. “புல்டோசர்தான் பின்னால் தள்ளுகிறதே?” தள்ளும். நேராகத் தள்ளும். முனையில் நேராகத் தள்ளினால் எதிர்வீட்டுத் திண்ணையில் போய் நிற்கும். போக்குவரத்து நெரிசல், வெயில் என்று சொல்கிறவர்கள் சொல்வது நியாயம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அவசரத்தை வடம் பிடிக்கிற பிள்ளைகளிடம் ஏற்றாதீர்கள். நிறுத்தச் சொல்லி மேலிருந்து துண்டை வீசிய பிறகும் நாலு பேர் உற்சாகத்தில் இழுத்தால், கட்டைக்காரர் கை உள்ளே இருக்கும். 2022-இல் தஞ்சை களிமேட்டில் தேரில் உயரழுத்த மின்கம்பி பட்டுப் போன 11 உயிர்களை டெல்டாக்காரன் மறக்கலாமா? தேர் விஷயத்தில் ஒரு நொடி என்பது ஒரு நொடி இல்லை.

1948-க்குப் பிறகு 22 வருஷம் இந்தத் தேர் ஓடவில்லை. 1970-இல்தான் மறுபடி வடம் பிடித்தார்கள். தேரழகு என்றால் திருவாரூர் என்று சொல்லிக்கொண்டே, தேர் நிலையிலேயே கிடந்ததைப் பார்த்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள், ஒன்றரை மணி நேரம் அதிகம் என்று.

இன்னொன்றும் உறுத்துகிறது. எவனாவது ஒரு நல்ல காரியத்தைக் கெடுத்தால் “முட்டுக்கட்டை போடுகிறான்” என்கிறோம். மேடையில், செய்தியில், வீட்டில், எங்கும் அப்படித்தான். அந்தக் கட்டை இல்லாவிட்டால் முந்நூறு டன் எங்கே போய் நிற்கும் என்று பார்த்த ஊர்க்காரர்கள்கூடச் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இனிமேல் என் வாயில் வராது.

கருத்துப் பெட்டியில் “உணர்ச்சிவசப்படாதீர்கள்” என்று எழுத வருகிறவர்களுக்கு: தேர் நிலைக்கு வந்த பிறகு வடத்தோடு படம் எடுக்கக் கூட்டம் நின்றதே, கட்டைக்காரர்களுக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

வீடியோ எடுத்த தம்பிக்கு ஒரு வேண்டுகோள். அழிக்க வேண்டாம். சிரிப்பு முடிகிற இடத்தில் வலது முன்சக்கரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தலையில் நீலத் துண்டு கட்டிய பெரியவர் கட்டையைச் செருகிவிட்டுக் கையை இழுக்கிறார், சக்கரம் அதன்மேல் உரசுகிறது, தேரின் முன்னால் இருக்கிற மரக்குதிரைகளின் முகம் மெல்ல மேலவீதிப் பக்கம் திரும்புகிறது. நீங்களே படம் பிடித்திருக்கிறீர்கள்.