இழுவைமடியையும் அம்பாப் பாட்டையும் பிரித்து எழுத எனக்கு வராது

ஊர்ப் பிரச்சினை, பண்பாடு, இசை மூன்றையும் பற்றி இனி விடாமல் எழுதப் போகிறேன் என்று சொன்னதும், நண்பர்களிடம் இருந்து வாழ்த்துக்கு முன்னால் யோசனைதான் வந்தது. "மாப்ள, ஏதாவது ஒண்ணப் புடிச்சுக்க. தனுஷ்கோடி, பாம்பன் பாலம்னு போட்டா லைக்காவது விழும்" என்றான் ஒருவன். கொஞ்சம் விவரமான அண்ணன் ஒருவர், "பாட்டக் கேட்க வர்றவன் மீன்பிடித் தடைக்காலத்தப் பத்திப் படிக்க மாட்டான் தம்பி, தடைக்காலத்தப் படிக்கிறவன் பாட்டக் கேட்க மாட்டான்" என்றார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் ராமநாதபுரம் கடற்கரையில் பிறந்துவிட்டு இவற்றைத் தனித்தனியாக வைக்க எனக்கு வழி தெரியவில்லை.

கரைவலை இழுக்கும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தனுஷ்கோடிப் பக்கம் இன்னும் இழுக்கிறார்கள். படகில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்ததும், கயிற்றின் இரண்டு தலைப்பையும் பிடித்துக்கொண்டு கரையில் இரண்டு வரிசை நிற்கும். குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒவ்வொரு அடியாக இழுக்க வேண்டும். வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டவர் கயிற்றை விட்டுவிட்டு, தண்ணீர் ஓரத்துக்குப் போய் மறுபடி பிடிப்பார். இத்தனை கால்களும் ஒரே நேரத்தில் நகர ஏதாவது ஒன்று வேண்டுமே, அதுதான் அம்பாப் பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிக்கொள்வார்கள். பாட்டில் சாமி வரும், காதல் வரும், பக்கத்தில் நிற்பவனைக் கேலி செய்யும் வரியும் வரும்.

துடுப்புப் போட்ட காலத்தில் அதற்கென்று தனி அம்பா இருந்தது. எஞ்சின் வந்தது, அந்தப் பாட்டுக்கு வேலை இல்லாமல் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. முதுகு ஒடியத் துடுப்புப் போட்டவரிடம் போய் "பாட்டுக்காகவாவது நீங்கள் போட்டிருக்கலாம்" என்று சொல்ல முடியுமா? கரைவலைப் பாட்டின் கதை வேறு. நாள் முழுக்க இழுத்தும் பங்கு பிரித்தால் கைக்கு ஒன்றும் வராது என்றால், இளவட்டங்கள் கயிற்றைத் தொட மாட்டார்கள். நாட்டுப்புறக் கலை அழிகிறதே என்று மேடையில் உருகுபவர்கள், கரையில் மீன் ஏன் குறைந்தது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. என் கோபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சரி, இந்தப் பொட்டல் காட்டில் இசைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. அரசு ஊழியரைத் தண்டிக்க வேண்டும் என்றால் தூக்கியடிக்கிற தண்ணியில்லாக் காடு என்றுதானே நம்மைப் பற்றிப் பேச்சு. ஆனால் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் அரண்மனையில் பாடியவர் பூச்சி சீனிவாச ஐயங்கார். இன்றைய கர்நாடக இசைக் கச்சேரிக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அவருடைய சீடர். பெயரிலேயே நாகூரை வைத்திருக்கும் நாகூர் ஹனீபா 1925ல் பிறந்தது ராமநாதபுரத்தில். இஸ்லாமியப் பக்திப் பாடலைப் பாடிய அதே குரலில்தான் அவர் திராவிட இயக்க மேடைகளிலும் பாடினார். அவரிடம் போய், "இசையா அரசியலா, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று என் நண்பன் சொல்லியிருப்பானா தெரியவில்லை!

பாம்பனில் மீனவர்களுக்காகவே 2016ல் தொடங்கிய கடல் ஓசை என்ற சமுதாய வானொலி இருக்கிறது. காற்று எப்படி, கடல் எப்படி என்ற அறிவிப்பும் பாட்டும் அதில் ஒன்றாக வரும். எனக்கு முன்மாதிரி என்று ஒன்று வேண்டுமென்றால் அதுதான்.

அப்புறம், கடல்பாசி எடுக்கும் பெண்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு மூழ்குகிறார்கள். பாறையில் இருந்து பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசிதான் உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் அகர் அகர் ஆகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கடல் தேசியப் பூங்காவாக 1986ல் அறிவித்தார்கள். பாட்டி காலத்தில் இருந்து போய்வந்த இடத்துக்குப் போவதே இந்தப் பெண்களுக்குக் குற்றம் என்று ஆனது. பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பவளப்பாறை போனால் மீனும் போகும். ஆனால் மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருப்பவர்கள் அந்தப் பெண்கள். கடலைக் காப்பது எப்படி என்று கேட்க அவர்களைத்தான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும்.

கடைசியாக, எல்லாரும் எதிர்பார்க்கிற கச்சத்தீவு. தொலைக்காட்சி விவாதங்களில் அது தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தம், யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். தொண்டிக்குப் பக்கத்தில் உள்ள நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி கட்டியதாகச் சொல்லப்படும் அந்தோணியார் கோவில் அந்தத் தீவில் இருக்கிறது. திருவிழாவுக்கு இந்தக் கரையில் இருந்தும் யாழ்ப்பாணம் பக்கத்தில் இருந்தும் வந்து, ஒரே தமிழில் செபம் சொல்கிறார்கள். விழா முடிந்து அவரவர் கரைக்குத் திரும்பியதும், நம்முடைய விசைப்படகுகள் கடலின் அடித்தரையை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியோடு போய் யாழ்ப்பாணத்து மீனவர்களுடைய வலைகளை அறுத்துக்கொண்டு வருகின்றன. இலங்கை 2017ல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்நாட்டுக் கடற்படை நம் ஆட்களைச் சுட்டதும் அடித்ததும் அநியாயம், அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. படகைப் பறிகொடுத்துக் கடனில் நிற்கும் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆனால் அடிமண்ணோடு வாரிக்கொண்டு வரும் மடியால் முதலில் கெட்டது நம் பக்கத்துக் கடல்தானே? ஏப்ரல் 15ல் இருந்து ஜூன் 14 வரை தடைக்காலம் என்று 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாமல் இருந்துவிட்டு, ஜூன் 15ல் மறுபடி அதே மடியைக் கட்டிக்கொண்டு போனால் மீன்குஞ்சு எப்படித் தப்பும்? நாட்டுப்படகுக்காரர்கள் இதை வெகுகாலமாகச் சொல்கிறார்கள். சுட்டதைப் பேசும் கட்சிகள், மடியைப் பேச ஏன் தயங்குகின்றன?

இதை எழுதினால் திட்டு விழும் என்று தெரியும். இழுவைமடியை விட்டு ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறச் சொன்ன அரசுத் திட்டத்தில் என்ன சிக்கல், கடனை யார் கட்டுவது, படகில் கூலிக்குப் போகிறவர் கதி என்ன என்பதெல்லாம் விசைப்படகு வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். உங்களில் யாராவது எனக்கு மறுப்பு எழுதினால், ஒரு வரி வெட்டாமல் அப்படியே இங்கே போடுகிறேன்.