நல்ல கை வந்தால் கட்டத்தான் செய்வேன்

சனிக்கிழமை ராத்திரி எங்கள் ஆப் போக்கர் சீட்டாட்ட டேபிளில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் ஸ்க்ரீன்ஷாட் பார்த்திருப்பீர்கள். "கூட்டாளிங்ககிட்டயே இப்படி உருவுறியே, மனசாட்சி இல்லையா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். நான் பதில் டைப் பண்ணி முடிப்பதற்குள் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்ன நடந்தது? என் கையில் இரண்டு ஏழு. ஃப்ளாப்பில், அதாவது எல்லாருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில், ஹார்ட் ஏஸ், கிளப்ஸ் ஏழு, ஹார்ட் நாலு. நடுவில் சேர்ந்த மொத்தம், அதாவது பாட், பத்தாயிரம் சிப்ஸ் (ஆட்ட வில்லைகள்). பத்தாயிரம் கட்டினேன். ஒருவர் ஃபோல்ட் (சீட்டைப் போட்டுவிட்டு விலகினார்), தம்பி கால் (அதே அளவு போட்டான்). டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) முப்பதாயிரம், கால். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) தொண்ணூறாயிரம். தம்பி யோசித்து யோசித்து அதற்கும் கால் பண்ணி ஏஸ்-கிங்கைத் திறந்தான்; என் மூன்று ஏழு ஜெயித்தது. அவ்வளவுதான் நான் செய்த பாவம்.

"முதல்ல செக் பண்ணியிருக்கலாம், அவனே கட்டியிருப்பான்" என்கிறார்கள் (செக் என்றால் கட்டாமல் விடுவது). கட்டியிருப்பானா? ஏஸ்-கிங் வைத்திருப்பவன் பாதி நேரம் தானும் செக் பண்ணிவிட்டு அடுத்த சீட்டைப் பார்ப்பான். கணக்கைப் பாருங்கள். பாட் பத்தாயிரமாக இருக்கும்போது மூன்று தடவையும் பாட் அளவு கட்டினால் அவனிடமிருந்து வருவது 10, 30, 90, ஆக 1,30,000. ஃப்ளாப்பில் செக் பண்ணிவிட்டு மீதி இரண்டு தடவை மட்டும் அதே மாதிரி கட்டினால் 10, 30, ஆக 40,000. ஒரே ஒரு செக், தொண்ணூறாயிரம் போச்சு. பாட் அளவில் பாதி பாதியாகக் கட்டினாலும் இதே கதைதான்: மூன்று தடவைக்கு 35,000, இரண்டு தடவைக்கு 15,000. பாட் ஒவ்வொரு சுற்றிலும் பெருகுவதால், முதலில் விட்டதை அதே அளவில் கட்டிக் கடைசியில் பிடிக்கவே முடியாது. ஆகவே நல்ல கை வந்தால் கட்டணும். முதல் சுற்றிலிருந்தே கட்டணும்.

அதோடு ஃபோல்ட் பண்ணியவர் கையில் இரண்டு ஹார்ட்ஸ் இருந்ததாக அவரே பிறகு சொன்னார். ஹார்ட்ஸ் ஐந்து சேர்ந்தால் என் மூன்று ஏழும் தோற்கும்; அவருக்கு அடுத்த சீட்டு ஹார்ட்ஸாக வர ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு. அதை நான் ஏன் இலவசமாகக் கொடுக்கணும்? மூன்றாவது ஹார்ட்ஸ் விழுந்திருந்தால் தம்பியும் பயந்து நின்றிருப்பான். அவன் சிப்ஸ் போடத் தயாராக இருந்த நேரம் அந்த ஃப்ளாப்தான்.

"பெருசா கட்டினா எல்லாரும் ஓடிடுவாங்களே?" ஓடுகிறவன் கையில் ஒன்றும் சேராமல் ஓடுகிறான். அவனுக்காக ஏஸ் பிடித்தவனிடம் குறைவாக வாங்குவதா? சும்மா சும்மா வெறும் கையோடு கட்டி மிரட்டுகிற, ப்ளஃப் அடிக்கிற ஆள் எதிரே இருந்தால் பதுங்கலாம், நாலு ஏழும் வந்துவிட்டால் பதுங்கலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பி அப்படி ஆடுகிறவன் இல்லை. அவன் கட்டமாட்டான், கால் பண்ணுவான். கால் பண்ணுகிறவனிடம் கட்டாமல் வேறு யாரிடம் கட்டுவது?

நேஷனல் சர்வீஸில், படுக்கும் பங்க் அறையில் பிஸ்கட் வைத்து ஆடிய காலத்திலேயே இதைப் பார்த்தவன் நான். பக்கத்துக் கட்டில்காரன் ஏஸ் ஜோடியை வைத்தும் கட்டாமல் பதுங்கிக்கொண்டு ஐந்து பேரை உள்ளே விடுவான். ஏஸ் ஜோடி ஒருவருக்கு எதிராக நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். ஐந்து பேர் கடைசிவரை வந்தால் பாதிக்குப் பாதிதான். தோற்றதும் தலையணையைக் குத்துவான். இன்றைக்கும் அதே ஆட்டம்தான், குத்துவதற்குப் பதிலாக 'ஆப் ஏமாத்துது' என்கிறார்கள்.

சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் இன்பாக்ஸில் வந்தார்கள். ஐயா, நாங்கள் ஆடுவது சும்மா கிடைக்கிற சிப்ஸ். ஒரு வெள்ளிக்கும் மாற்ற முடியாது. சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் நேரில் உட்கார்ந்து உற்றார் நண்பர்களோடு காசு வைத்து ஆட நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. இணையத்தில் உரிமம் இல்லாத தளத்தில் காசு வைத்து ஆடினால் குற்றம். அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. 150 வெள்ளி கட்டி மரினா பே சேண்ட்ஸ் சூதாட்டக்கூட வாசல் தாண்டுகிறவர்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

என்னை வலிக்க வைத்தது வேறு. போன மாதம் அதே அண்ணன் வெறும் கையை வைத்துக்கொண்டு ப்ளஃப் அடித்து என் சிப்ஸை முழுசாக வாரினார். குழு முழுக்க சிரிப்பு, ஸ்டிக்கர், 'அண்ணன் மாஸ்' என்று பாராட்டு. அன்றைக்கு மனசாட்சி எங்கே போனது? பொய் சொல்லி வாங்கினால் திறமை, உண்மையான கையைக் காட்டி வாங்கினால் பேராசையா? சம்பளம் கூட்டிக் கேட்டாலும் வீட்டில் இதே குரல்தான்: "இருக்குறது போதும், ரொம்ப கேக்காதே." நல்ல சீட்டு வந்தவன் வெட்கப்பட்டுக்கொண்டு ஓரமாக நிற்கணும் என்று யார் இவர்களுக்குச் சொன்னது?

தம்பிக்கு ஆடக் கற்றுக்கொடுத்தது நான். ஈசூன் காப்பிக் கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை உட்கார்ந்து, ரிவரில் கட்டுவதற்குக் கணக்குச் சொன்னேன்: கடைசி ஆளாக நீ கட்டும்போது, கால் பண்ணக்கூடிய கைகளில் பாதிக்கு மேல் நீ ஜெயித்தால் கட்டு. அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தவர்கள். ஆனாலும் என்னைத் தூக்கியபோது அவனும் ஒரு வார்த்தை பேசவில்லை.

குழுவில் இன்னும் இருப்பவர்கள் அந்தக் கையை மறுபடி எடுத்துப் போடுங்கள். ஃப்ளாப், டர்ன், ரிவர், எதில் நான் எவ்வளவு குறைத்துக் கட்டியிருக்கணும், ஏன் என்று ஒருவராவது எண்ணோடு எழுதட்டும். மனசாட்சி பற்றி எழுதுகிற கமென்டுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.