ஒற்றை நட்சத்திரத்தின் மகிமை

(சியாட்டில் நகரம். 2015 பிப்ரவரி முதல் வாரம். ஒரு சிறிய சலூன். நாற்காலியில் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருப்பதால் நினைத்தாலும் எழுந்து ஓட முடியாது. அமேசான் வெளியிடும் பைலட் எபிசோடுகளை, அதாவது புதிய தொடர்களின் சோதனை முதல் பகுதிகளை, பார்த்து நட்சத்திரம் போடுவது சலூன்காரருக்குக் கிட்டத்தட்ட இரண்டாவது தொழில். சம்பளம்தான் கிடையாது.)

சலூன்காரர்: கொஞ்சம் குனியுங்கள் ஐயா. ஜனவரி 15இல் வந்த புதிய பைலட்டுகளைப் பார்த்தீர்களா?

ஓட்டுநர்: பார்த்தேன். குழந்தைகளுக்கானவற்றை விட்டுவிட்டு, பெரியவர்களுக்கான ஏழுக்கும் ஒரே இரவில் நட்சத்திரம் போட்டு முடித்துவிட்டேன்.

சலூன்காரர்: ஒரே இரவிலா? அந்த ‘தி மேன் இன் தி ஹை காசில்’ மட்டுமே ஒரு மணி நேரம் ஓடுகிறதே!

ஓட்டுநர்: எனக்குப் பத்து நிமிடம் போதும் தம்பி. ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவன் நான். படியில் கால் வைக்கும்போதே, இந்த ஆள் சில்லறை வைத்திருக்கிறானா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

சலூன்காரர்: சரி, அதற்கு எத்தனை போட்டீர்கள்?

ஓட்டுநர்: ஒன்று.

(கத்தரிக்கோல் நின்றது. காதுக்கு மிக அருகில் நின்றது.)

சலூன்காரர்: ஒன்றா? ஊரே அதைப் பற்றித்தான் பேசுகிறது! இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்றிருந்தால் அமெரிக்கா என்ன ஆகியிருக்கும் என்ற கதை. ஃபிலிப் கே. டிக்கின் நாவல். தயாரிப்பில் ரிட்லி ஸ்காட். இதற்கு மேல் என்ன ஐயா வேண்டும்?

ஓட்டுநர்: வரலாறு தப்பு.

சலூன்காரர்: அது கற்பனை ஐயா!

ஓட்டுநர்: 1962 என்று போட்டுவிட்டுக் கற்பனை என்றால் எப்படி? 1962இல் எனக்குப் பத்து வயது. இதே ஊர். உலகக் கண்காட்சி நடந்த வருடம். ஸ்பேஸ் நீடில் கோபுரம் திறந்தார்கள், மோனோரயில் விட்டார்கள். அப்பா அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டினார். ஒரு ஜப்பானியச் சிப்பாய்கூடக் கண்ணில் படவில்லை. இவர்கள் என்னடாவென்றால் மேற்குக் கரை முழுவதையும் ஜப்பானுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம் வீடும் அதில்தானே போயிருக்கும்? வரியை யாரிடம் கட்டுவது?

சலூன்காரர்: உங்கள் வீட்டுப் பத்திரத்தை யாரும் கேட்கவில்லை.

ஓட்டுநர்: இன்னொரு மோசடியும் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ, நியூயார்க் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் இங்கேயே எடுத்திருக்கிறார்கள். என் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? கொலராடோவின் கேனன் சிட்டி என்று காட்டுகிற ஊர் எது தெரியுமா? மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம் ராஸ்லின்! கதாநாயகி கொலராடோவுக்கு பஸ்ஸில் போகிறாள் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசியில் பார்த்தால், நான் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போகிற இடத்தில் இறங்கி நிற்கிறாள்.

சலூன்காரர்: பத்து நிமிடம்தான் பார்த்தேன் என்றீர்கள். ராஸ்லின் அதற்கெல்லாம் பிறகுதானே வரும்?

ஓட்டுநர்: (சற்று யோசித்து) குறை கண்டுபிடிப்பதற்காகப் பார்த்த நேரத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

சலூன்காரர்: ‘மேட் டாக்ஸ்’?

ஓட்டுநர்: நடுவயது ஆண்கள் சிலர் பெலீஸ் நாட்டில் ஒரு மாளிகையில் கூடி, குளிப்பதும் குடிப்பதுமாக இருந்தார்கள். ஒன்று.

சலூன்காரர்: அதில் பூனை முகமூடி போட்டுக்கொண்டு ஒருவன் துப்பாக்கியோடு வருவானே!

ஓட்டுநர்: அவன் சீக்கிரம் வந்திருக்க வேண்டும். தாமதமாக வந்தவனுக்காக நான் எந்த நிறுத்தத்திலும் பஸ்ஸை நிறுத்தியதில்லை.

சலூன்காரர்: துப்பாக்கி செய்கிற குடும்பத்தின் கதை? உள்நாட்டுப் போர்க் கதை?

ஓட்டுநர்: ஒன்று. ஒன்று. யோகா ஆசிரியர் கதைக்கு மட்டும் ஐந்து.

சலூன்காரர்: அதுவா? எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லையே. என்ன நயம் கண்டீர்கள்?

ஓட்டுநர்: தூங்கிவிட்டேன். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல தூக்கம்.

சலூன்காரர்: (கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு) ஐயா, இது விளையாட்டில்லை. நெட்ஃபிளிக்ஸ் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டதா? 2013 பிப்ரவரியில் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் 13 பகுதிகளையும் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போனார்கள். இவர்கள் ஒரே ஒரு பகுதியை எடுத்து, இலவசமாகக் காட்டி, பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார்கள். நாம் சொல்வதையும் வைத்துத்தான் எதைத் தொடர்வது, எதை விடுவது என்று முடிவெடுக்கிறார்கள். அந்த அதிகாரத்தை நீங்கள் தூக்கத்தில் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது எந்த நாள் இரவு?

ஓட்டுநர்: ஞாயிற்றுக்கிழமை.

சலூன்காரர்: எந்த ஞாயிறு?

ஓட்டுநர்: ...போன ஞாயிறு.

(இருவரும் மௌனமானார்கள். போன ஞாயிறு எது என்று சியாட்டிலில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: பிப்ரவரி 1, அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். இந்த ஊர் சீஹாக்ஸ் அணி வெற்றிக் கோட்டிலிருந்து ஒரே ஒரு கஜ தூரத்தில், அரை நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில், பந்தை எறியப்போய் எதிரணியின் கையில் கொடுத்தது. 28க்கு 24 என்று தோற்றது.)

சலூன்காரர்: ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து நட்சத்திரம் போட்டீர்களா?

ஓட்டுநர்: வேறு யார் மேல் கோபத்தைக் காட்டுவது? பயிற்சியாளருக்கு நட்சத்திரம் போடும் வசதி இருக்கிறதா? நம் அணியின் ஓட்டக்காரன் லிஞ்சின் கையில் பந்தைக் கொடுத்து ஓடவிட வேண்டியதுதானே தம்பி! ஒரு கஜம்! நான் ஊன்றுகோலோடு போய் வைத்திருப்பேன்.

சலூன்காரர்: பாவம், அந்தப் பைலட்டுகளை எடுத்தவர்கள். ஏன் இத்தனை ஒற்றை நட்சத்திரம் என்று ஒரு அறையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஓட்டுநர்: அதை விடு. நீ கவனமாகப் போடுகிறாயே, நீ ஐந்து போட்டவை எல்லாம் என்ன ஆயின?

சலூன்காரர்: (மெதுவாக) 2013இல் ‘ஸாம்பிலாண்ட்’ வந்தது. ஐந்து போட்டேன்.

ஓட்டுநர்: என்ன ஆயிற்று?

சலூன்காரர்: இதே பெயரில் முன்பு வந்த சினிமாவில் நடித்தவர்கள் இதில் இல்லையே என்று ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். கைவிட்டுவிட்டார்கள். போன வருடம் ‘தி ஆஃப்டர்’. எக்ஸ் ஃபைல்ஸ் தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டருடையது. அதற்கும் ஐந்து. இந்த முறை தொடராக எடுக்கிறோம் என்று அறிவித்தே விட்டார்கள். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுத்தேன்.

ஓட்டுநர்: பிறகு?

சலூன்காரர்: சென்ற மாதம், எடுக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். முன்பின் தெரியாத எட்டுப் பேர் ஒன்றாக மாட்டிக்கொள்கிறார்கள், உலகமே தலைகீழாகிறது, கடைசியில் விசித்திரமான ஓர் உருவம் வந்து நிற்கிறது. அது என்ன, ஏன் வந்தது, எதுவும் இனித் தெரியாது. இரவில் விழித்துக்கொண்டு நானே ஏதேதோ காரணம் சொல்லிப் பார்க்கிறேன்.

ஓட்டுநர்: ‘டிரான்ஸ்பேரன்ட்’ என்று ஒன்று போன மாதம் கோல்டன் குளோப் வாங்கியதே, அதற்கு எத்தனை போட்டாய்?

சலூன்காரர்: மூன்று.

ஓட்டுநர்: இந்த 13ஆம் தேதி வரப்போகிற போலீஸ் கதை, ‘போஷ்’?

சலூன்காரர்: இரண்டு. நாயகன் சிரிக்கவே மாட்டேன் என்கிறான்.

ஓட்டுநர்: தம்பி, உனக்கு இன்னுமா புரியவில்லை? நீ ஐந்து போட்டால் சங்குதான். நீ முகம் சுளித்தால் பரிசு வாங்குகிறது. இந்த ஹை காசிலுக்கு எத்தனை போட்டாய், உண்மையைச் சொல்.

சலூன்காரர்: ஐந்து. என் மனைவியின் கணக்கிலிருந்தும் ஐந்து.

ஓட்டுநர்: அடப்பாவி! பத்து நட்சத்திரத்தால் அதைக் குழிதோண்டிப் புதைக்கப் பார்த்திருக்கிறாய். என்னுடைய ஒன்றுதான் அதைக் காப்பாற்றப்போகிறது. ரிட்லி ஸ்காட் எனக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும்.

சலூன்காரர்: அவர்கள் நட்சத்திரத்தை மட்டும் பார்ப்பதில்லை ஐயா. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதும் கணக்கில் வரும். குறை கண்டுபிடிக்க என்றாலும் நீங்கள் ராஸ்லின் வரைக்கும் பார்த்திருக்கிறீர்கள்.

ஓட்டுநர்: அப்படியா? திட்டிக்கொண்டே பார்த்தாலும் அவர்களுக்கு லாபமா? பலே ஆட்கள்தான். (கண்ணாடியில் பின்னந்தலையைப் பார்த்தபடி) அந்த ‘ஆஃப்டர்’ இன்னும் கிடைக்குமா?

சலூன்காரர்: தேடினால் கிடைக்கலாம். ஆனால் முடிவே கிடையாது என்கிறேனே. எதற்கு அந்த வேதனை?

ஓட்டுநர்: அதுதான் எனக்கு வேண்டும். முடிவே இல்லை என்றால் கடைசி அரை நிமிடத்தில் யாரும் தோற்க முடியாதல்லவா?

சலூன்காரர்: பாருங்கள். ஆனால் தயவுசெய்து ஒற்றை நட்சத்திரம் போட்டுவிடாதீர்கள். செத்ததை மறுபடியும் கொல்ல வேண்டாம்.

ஓட்டுநர்: போடத்தான் போகிறேன். என் ராசிக்கு எழுந்து வந்தாலும் வந்துவிடும். நீ மட்டும் சந்தோஷத்தில் உடனே ஐந்து போட்டுவிடாதே.