பயோகேஸ் குறைந்தால் முதலில் மீட்டரைப் பாருங்கள், வக்கீலை அப்புறம் பார்க்கலாம்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் செம்பனை மில்லோடு கூட்டுச் சேர்ந்து பயோகேஸ் ஆலையில் பணம் போட்டவர்களுக்கும், போடலாமா என்று பேசிக்கொண்டிருக்கும் கூட்டுறவு உறுப்பினர்களுக்கும் இந்தப் பதிவு.

"சொன்ன அளவுக்குக் கேஸ் வரவில்லை, ஏமாற்றிவிட்டார்கள்." பங்காளிகள் பிரிவது இந்த ஒரு வாக்கியத்தில்தான். உடனே வக்கீல் நோட்டீஸ் போகும். அது தவறு என்றே சொல்வேன்.

மில் கழிவுநீரிலிருந்து எவ்வளவு கேஸ் வரும் என்ற முன்கணிப்பு ஒரு பெருக்கல். ஒரு டன் செம்பனைக் குலைக்குச் சுமார் 0.65 கன மீட்டர் கழிவுநீர், ஒரு கன மீட்டர் கழிவுநீருக்குச் சுமார் 28 கன மீட்டர் கேஸ். வருஷத்துக்கு 3 லட்சம் டன் அரைக்கிற மில் என்றால் ஏறக்குறைய 55 லட்சம் கன மீட்டர் கேஸ். எல்லாமே சராசரி எண்கள். கழிவுநீரின் சிஓடி (அதில் உள்ள கரிமக் கழிவின் அளவைக் காட்டும் எண்) லிட்டருக்கு 50,000 மில்லிகிராம் என்று எழுதுவார்கள். நடப்பில் அது 15,000 முதல் 1,00,000 வரை ஆடும். மழைத்தண்ணீர் கலந்தால் நீர்த்துப்போகும். வறட்சி அடித்தால் குலை உடனே குறையாது, பல மாதம் கழித்துத்தான் மில் வாசலில் தெரியும்.

மீட்டர் விஷயம் இன்னும் மோசம். டைஜெஸ்டரிலிருந்து (பாக்டீரியா கழிவுநீரைக் கேஸாக்கும் மூடிய தொட்டி) 35 டிகிரியில் ஈரத்தோடு வரும் 100 கன மீட்டர் கேஸை 0 டிகிரி, உலர்ந்த கேஸ் என்ற கணக்குக்கு மாற்றினால் சுமார் 84தான் மிஞ்சும். முன்கணிப்பு ஒரு கணக்கில், மீட்டர் இன்னொரு கணக்கில் இருந்தால், யாரும் திருடாமலே 16 சதவீதம் காணாமல் போகும். ஃபிளேரில், அதாவது மிஞ்சிய கேஸை எரித்துவிடும் குழாயில், எரிவதற்குத் தனி மீட்டர் இல்லாவிட்டால் அதுவும் இந்தச் சண்டையில் சேரும்.

சாம்பிள் எடுக்கும் விதத்தையும் பாருங்கள். மதியம் ஒரே பாட்டிலில் மொண்டது சாம்பிள் ஆகாது. 24 மணி நேரமும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, அமிலம் சேர்த்து, 4 டிகிரி குளிரில் லேப்புக்குப் போக வேண்டும். எடுக்கும் இடத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கழிவுநீரை ஆறவைக்கும் குளமான கூலிங் பாண்டுக்கு முன்னும் பின்னும் எண் மாறும்.

சண்டை வந்துவிட்டால்? இரு தரப்பும் மீட்டருக்கு முத்திரை வைத்து 90 நாள் கூட்டு அளவீடு செய்யுங்கள். பிறகு பொதுவான ஒரு நிபுணரிடம் ஒரே கேள்வி: குறைந்த கேஸில் குலையால் எவ்வளவு, சிஓடியால் எவ்வளவு, ஆலை ஓட்டிய விதத்தால் எவ்வளவு? குலை குறைந்தது மில் பக்கம், டைஜெஸ்டரைச் சரியாக ஓட்டாதது ஆலை நடத்துபவர் பக்கம், வானிலை இருவருக்கும். அவர் தரும் எண் இருவரையும் கட்டுப்படுத்தும் என்று முன்பே கையெழுத்துப் போட வேண்டும். பொய்யான தகவல் தந்தார்களா என்பது மட்டும் சட்டக் கேள்வி. அது கோலாலம்பூர் ஆசிய அனைத்துலக நடுவர் மையத்துக்குப் போகட்டும். ஒப்பந்தத்தில் நடுவர் விதி (தகராறைக் கோர்ட்டுக்குப் பதில் நடுவரிடம் தீர்க்கலாம் என்ற விதி) இருந்தால், மலேசியாவின் 2005 நடுவர் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி கோர்ட் வழக்கு பொதுவாக நிறுத்திவைக்கப்படும். ஒப்பந்த வழக்குக்குக் காலவரம்பு 6 வருஷம். அவசரப்பட வேண்டியதில்லை.

புதிதாகச் சேர்பவர்கள் கேஸ் முன்கணிப்பின் பி50, பி90 இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள். பி50 என்றால் பாதி வருஷங்கள் அதைத் தொடாது என்று அர்த்தம். பி90 என்றால் பத்தில் ஒன்பது வருஷம் அதைத் தொடும். வங்கிக் கடனைப் பி90-ஐ வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

ஒன்று மட்டும்: அறிக்கை வரும்வரை கோபத்தில் கழிவுநீர்க் குழாயை அடைத்துவிடாதீர்கள். பட்டினி கிடந்த பாக்டீரியா பழையபடி தேற வாரக்கணக்கு ஆகும், அந்த இழப்பை யார் தலையில் எழுதுவது என்று அடுத்த சண்டை தொடங்கும்.